பிழை பொறுக்கும் நிரலும் ஒரு வரி அனுமதியும்



'நான் பல்லிக்குச் சென்றேன்' என்று மாணவன் எழுதினால், அவன் சென்றது பள்ளிக்கே என்பதை நாம் உணர்கிறோம். கணினியோ, தேடிய சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும் 'இல்லை' என்று கைவிரித்துவிடும். இக்குறையை நீக்க அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் சுன் வூ, ஊடி மேன்பர் ஆகிய இருவரும் 1988க்கும் 1991க்கும் இடையில் 'ஏகிரெப்' என்னும் நிரலை உருவாக்கினர். எத்தனை பிழைகளைப் பொறுக்கலாம் என்று நாம் கூறினால், அவ்வளவுக்குள் அடங்கும் சொற்களை எல்லாம் அது தேடித் தரும்.

இத்துணைப் பயனுள்ள நிரலுக்கு ஒரு தடை நேர்ந்தது. 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய 'டெபியன்' என்னும் லினக்ஸ் வழங்கலில், தன்னார்வலர்கள் நிரல்களைப் பொதிகளாகக் கட்டித் தருகின்றனர். எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இசைவளிக்கும் நிரல்களுக்கே முதன்மைத் தொகுப்பில் இடமுண்டு என்று 1997இல் அவர்கள் நெறி வகுத்தனர். ஏகிரெப்பின் உரிமம் அந்நெறிக்குப் பொருந்தவில்லை. எனவே அது 'கட்டற்றவை அல்லாதவை' என்னும் புறப்பகுதியில் வைக்கப்பட்டது.

பின்னர் பின்லாந்து நாட்டவரான வில்லே லௌரிகாரி, அதே பணியைச் செய்யும் 'டி.ஆர்.இ.' என்னும் நிரல் நூலகத்தைக் கட்டற்ற உரிமத்தில் எழுதினார். டெபியன் அதனை மூன்று பொதிகளாகப் பிரித்தது. பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகம் ஒன்று. நிரலாளருக்கு வேண்டிய கோப்புகள் மற்றொன்று. தேடும் கட்டளை மூன்றாவது. நூலகத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், அதனை நம்பியிருக்கும் மென்பொருள்கள் அனைத்தும் பயன்பெறும். 'ஏகிரெப்' என்னும் பெயரைப் பழைய நிரல் கொண்டிருந்தமையால், புதிய கட்டளைக்கு 'டிஆர்இ-ஏகிரெப்' என்று பெயரிட்டனர். ஒவ்வொரு பொதியினுள்ளும் ஆசிரியர் பெயரும் உரிமமும் அடங்கிய கோப்பு ஒன்று கட்டாயம் இருக்கும்.

பழைய ஏகிரெப்பும் 2014இல் கட்டற்ற உரிமம் பெற்றது. ஆயினும் அது எழுதப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. தடையாக நின்றது நிரலின் திறமன்று. உரிமத்தின் சில வரிகளே.

இவ்வரலாற்றைப் படித்தபோது எங்கள் ஆசிரியர் அறை அலமாரி என் நினைவுக்கு வந்தது. மறைந்த மூத்த ஆசிரியர் ஒருவர் கைப்பட எழுதிய ல, ள, ழ வேறுபாட்டுப் பயிற்சிகள் அதில் உள்ளன. வேறு பள்ளியினர் நகல் கேட்டபோது எங்களால் கொடுக்க இயலவில்லை. அவர் மறுத்திருக்கமாட்டார் என்பது உறுதி. ஆனால் நகலெடுக்கலாம் என்று எங்கும் அவர் எழுதி வைக்கவில்லை.

அன்று முதல் என் பயிற்சித்தாள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி எழுதுகிறேன்: 'இதனை நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.' தாங்களும் தங்கள் தாள்களில் எழுதி வைப்பீர்களா?