போர்ச் சொற்களிடையே ஓர் இரக்கச் சொல்

பிரெஞ்சுப் படைத்துறைச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதியொன்றை, கார்னெலிஸ் வில்காக்ஸ் என்னும் அமெரிக்க இராணுவ அதிகாரி 1899-இல் வெளியிட்டார். 1917-இல் அமெரிக்க வீரர் முதல் உலகப் போருக்காகப் பிரெஞ்சு மண்ணில் இறங்கியபோது, இத்தகைய நூல்களின் தேவை பெருகியது. போர்க்களத்தில் ஒரு சொல்லைப் பிறழ உணர்ந்தால் உயிர்கள் மடியுமன்றோ!

லெப்டினன்ட், பட்டாலியன், பிரிகேட் எனப் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்தில் அதற்கு நெடுங்காலம் முன்பே குடியேறியிருந்தன. அவ்வழியே வந்ததுதான் 'ஆம்புலன்ஸ்'. 'நடமாடும் மருத்துவமனை' என்னும் பிரெஞ்சுத் தொடரில் பிறந்தது அச்சொல். காயமுற்றோர் போர் ஓயும்வரை களத்திலேயே கிடந்து மடிவதைக் கண்ட அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, 1790-களில் அவர்களை விரைந்து மீட்கக் குதிரை வண்டிகளை அமைத்தார். பதவியை அல்ல, காயத்தின் கடுமையையே முதலில் நோக்க வேண்டும் என்றார், பகைவரையும் பேணினார். தரம் பிரித்தலைக் குறித்த 'திரியாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல் பின்னர் இம்முறைக்குப் பெயராயிற்று.

எரிகோ செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம், 'நீ எந்த இனத்தான்?' என்று நல்ல சமாரியர் கேட்கவில்லை. அவர் கண்டது காயத்தையே. நம் வாசலில் காயமுற்று நிற்போரிடம் நாம் முதலில் எதைக் காண்கிறோம்?