வெம்பக்கோட்டை: அணைக்கரையில் ஒரு சங்குப் பட்டறை

சிவகாசிக்காரர்களுக்கு வெம்பக்கோட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது குடிதண்ணீர். வைப்பாற்றின் குறுக்கே உள்ள அந்த அணையிலிருந்து சிவகாசிக்குத் தண்ணீர் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளோடு கரைக்குப் போய், கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். ஆனால் ஆற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் பக்கம், உச்சிமேடு என்று ஒரு மண்மேடு இருக்கிறது. அதையும் பார்க்காமல் வந்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

நம்ம ஊர் வரலாறு எப்போதும் 1923-இல்தான் ஆரம்பிக்கும். வானம் பார்த்த பூமி, விவசாயம் இல்லை, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். உண்மைதான். ஆனால் இதையே கேட்டுக் கேட்டு, கைத்தொழில் என்பதே கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்தது போல ஆகிவிட்டது.

தமிழ்நாடு தொல்லியல் துறை உச்சிமேட்டில் 2022 மார்ச்சில் தோண்ட ஆரம்பித்தது. முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 7,914 பொருட்கள். 2024-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில், திமிலோடு கூடிய காளை செதுக்கிய சூதுபவளக் கல் ஒன்று கிடைத்து, பேப்பரில் எல்லாம் வந்தது. அழகான பொருள்தான். எனக்கென்னவோ அதைவிடச் சங்குதான் முக்கியமாகப் படுகிறது.

காரணம் இதுதான். வளையல் மட்டும் கிடைத்திருந்தால், யாரோ வாங்கிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இங்கே முழுச் சங்கு, அறுத்த துண்டு, வளையல் என்று எல்லாமே கிடைக்கிறது. அப்படியென்றால் வேலை இங்கேயே நடந்திருக்கிறது. சங்கைக் குறுக்கே வளையம் வளையமாக அறுத்து, உள்ளே இருக்கும் தண்டை எடுத்துவிட்டு, தேய்த்து மெருகேற்ற வேண்டும். பொறுமையான வேலை. சங்கு எங்கிருந்து வந்தது? வைப்பாற்றோடு கிழக்கே போனீங்கன்னா, சாத்தூர் தாண்டி, விளாத்திகுளம் தாண்டி, மன்னார் வளைகுடாவில் கொண்டுபோய் விடும்.

அதற்காகச் சங்குப் பட்டறைக்கும் பட்டாசு ஆலைக்கும் நேர்கோடு போட நான் தயாரில்லை. நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள்.

பிள்ளைகளுக்குச் சங்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவர்களிடம் வட்டச்சில்லு, பகடைக்காய் பற்றிச் சொல்லுங்கள், அதுவும் இங்கே கிடைத்திருக்கிறது. நொண்டி விளையாட ஓட்டாஞ்சில்லைத் தேய்த்து வட்டமாக்கிய தலைமுறை நாம். நமக்கே கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஒன்றே ஒன்று: கீழே கிடக்கும் பானை ஓட்டை ஞாபகத்துக்கு என்று பையில் போட விடாதீர்கள். இடம் மாறிய ஓடு, நேரம் பதியாத லாக் ஃபைல் மாதிரி. என்ன நடந்தது என்று இருக்கும், எப்போது என்று இருக்காது. தோண்டிய குழிகளின் ஓரத்துக்கும் போக வேண்டாம்.

காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கரிசல் வெயில் தாங்காது.