சுய இன்பம்: ஒரு பயத்தின் வரலாறு

சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வரும் என்ற பேச்சு தர்மபுரி முதல் சென்னை வரை எத்தனையோ இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இந்தப் பயம் ஐரோப்பாவிலும் இருந்தது. 1760-ல் ஸ்விஸ் மருத்துவர் திஸ்ஸோ, இதனால் பார்வையும் புத்தியும் கெடும் என்று புத்தகமே எழுதினார். நம் நாட்டிலோ, பல துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து என்ற நம்பிக்கை. விந்து போய் உடல் தேய்கிறது என்று களைப்போடும் பதட்டத்தோடும் வருபவர்களின் நிலைக்கு, டாக்டர் என்.என்.விக் 1960-ல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்.

ஆண்மை மருந்து விளம்பரங்களை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் வியாபாரம் நிற்கவில்லை.

இன்றைய மருத்துவம் சொல்வது என்ன? இது இயல்பானது, நரம்பும் தளராது, ஆண்மையும் குறையாது. படிப்பையோ வேலையையோ கெடுக்கும் அளவுக்குப் போனால் மருத்துவரைப் பார்க்கலாம். லேகியத்துக்குக் காசைக் கொட்டுமுன் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் பேசுங்கள் நண்பர்களே!