ஜொகூர் வெள்ள நிவாரண மையங்கள்: தன்னார்வலர்கள் செய்வது என்ன?

ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இரண்டு முறை வந்த வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். கோத்தா திங்கியில் வீட்டைக் கழுவி முடித்த பலர் மீண்டும் மையத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் 40,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். பத்து பகாட் வட்டாரத்தில் வாரக்கணக்கில் நீர் வடியவில்லை.

பள்ளிகளும் பொது மண்டபங்களுமே பெரும்பாலும் தற்காலிக நிவாரண மையங்களாகின்றன. அவற்றை நடத்துவது சமூக நல இலாகா. மீட்புப் பணி தீயணைப்பு மீட்புத் துறைக்கும் பொதுத் தற்காப்புப் படைக்கும் உரியது. மற்ற வேலைகளில் தன்னார்வலர்கள் கைகொடுக்கின்றனர்.

முதல் வேலை பதிவு. குடும்பத் தலைவரின் அடையாள அட்டை எண்ணும் குடும்பத்தாரின் பெயர்களும் சரியாக எழுதப்பட வேண்டும். அரசு உதவித்தொகைக்கு இந்தப் பதிவே ஆதாரம் என்பதால், ஒரு பெயர் விடுபட்டால் பின்னர் அலைச்சல்தான். மலாய் தெரியாத முதியவர்களுக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவர் உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்போதே கேட்க வேண்டிய இன்னொன்று நோய் விவரம். டயாலிசிஸ் செய்பவர்கள் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை செல்ல வேண்டும். சாலை துண்டிக்கப்பட்டால் அவர்களைப் படகிலாவது கொண்டுபோக முன்கூட்டியே ஏற்பாடு தேவை. திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நீரிழிவு அதிகமுள்ள நம் சமூகத்தில் இது சிறிய விஷயமல்ல. கேட்காவிட்டால் பலர் வாய் திறப்பதில்லை.

சமையலில் சைவ உணவை முதலிலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து வைப்பது நல்லது. சமைத்த நேரத்தைப் பொட்டலத்தில் எழுதினால் கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது எளிது. குழந்தைகளின் பால்மாவு, டயப்பர், பெண்களின் சானிட்டரி பேட் ஆகியவைதான் சீக்கிரம் தீர்ந்துபோகும். பழைய துணி மட்டும் மூட்டை மூட்டையாக வந்து குவியும். அதைப் பிரிக்கவே ஆள் போதாது.

நீர் வடிந்த பின் வீடுகளைச் சுத்தம் செய்யும் கூட்டுப்பணியில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்கக்கூடாது. காய்ச்சல் வந்தால் வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உதவ விரும்புவோர் நேராக மையத்துக்குச் செல்லாமல், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் என்ன தேவை என்று முதலில் கேட்கலாம். அவசரத்துக்கு 999.