மானிப்பாய்த் தமிழும் வாலிற் கட்டிய எலியும்

மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864இல் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் படித்தவர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வர், தமிழிற் படித்தவரோ கிராமத்தில் நிலைப்பர் என்பது அவர் கணக்கு. மதம் பரப்ப வந்தவரே அவர். அதனை நாம் மறக்கவில்லை. அவர் முயற்சியால் தமிழான 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மூலநூலாசிரியர் டால்டன், உயிருள்ள விலங்குகளைக் கொண்டே மாணவருக்கு உடற்றொழிலை விளக்கிய அமெரிக்க முன்னோடி. ஆகவே குருதிச் சுற்றோட்டத்தின் கதையும், அதனை விலங்கிடம் கற்கும் முறையும் நம் குடாநாட்டுக்குப் புதியவை அல்ல.

அக்கதையில் புவியீர்ப்பின் பங்கு பெரிது. நிற்கும்போது குருதி காலை நோக்கி இழுபடுகிறது. ஈர்ப்பின் பாரம் உணரப்படாவிடின் என்ன நேரும்? 1957இல் விண்ணிற்கு ஏற்றப்பட்ட சோவியத் நாய் லைக்கா மீளவில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் றொக்கெற் அனுப்ப இயலாதல்லவா? எழுபதுகளில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வுநிலையம் எளிய உபாயம் ஒன்றைப் பண்படுத்தியது: எலியின் வாலைக் கட்டி, தலை தாழுமாறு பின்னுடலை உயர்த்திவிடுவது. எலி முன்கால்களால் நடமாடும், தின்னும். பின்கால்கள் பாரம் தாங்கா.

அப்போது குருதி மார்புக்கும் தலைக்கும் ஏறுகிறது. இருதயத்தின் மேலறைகள் விரிந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சிறுநீரகத்தை ஏவும் ஓர் ஓமோனைச் சுரக்கின்றன. அந்த ஓமோன் உண்டென்பதே 1981இல் கனடாவில், எலியின் இருதயச் சாற்றைக்கொண்டு அறியப்பட்டது! நாளடைவில் குருதியின் அளவு குறைகிறது. பின்னர் எலியை இறக்கிவிட்டால், குருதியமுக்கத்தைக் காக்க உடல் திணறுகிறது. நெடுநாள் படுக்கையிற் கிடந்த நோயாளி எழுந்ததும் தலைசுற்றி விழுவதும் இதன் உறவே. விண்வெளி வீரனுக்கென நடந்த ஆய்வு ஏழை நோயாளியின் கட்டிலுக்கும் உரியது.

ஆனால் மாதிரியை மெய்யென மயங்கலாகாது. கட்டுண்ட எலி முதல் நாட்களில் மிரளுகிறது. அதிரீனற் சுரப்பியின் ஓமோன் உயர்கிறது. இது அச்சத்தின் விளைவா, குருதி இடம்பெயர்ந்ததன் விளைவா? பிரித்தறிவது கடினம். மனிதரிலும் ஒரு வியப்பு நேர்ந்தது. விண்ணில் இருதயத்தை அடையும் பெருநாளத்தின் அமுக்கம் உயரும் என்றே எதிர்பார்த்தனர்; 1991இல் விண்வெளியோடத்தில் அளந்தபோது அது தாழ்ந்திருந்தது.

இவ்வளவையும் எழுத 'ஓமோன்' போன்ற சில ஒலிபெயர்ப்புக்களே நமக்குத் தேவைப்பட்டன. எனினும் 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தோன்றியபோது, கற்பித்தல் மொழி ஆங்கிலமே ஆயிற்று.