குடும்பத்தோட பிராட்வே போறீங்களா... டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படிங்க!

நியூயார்க் டூரில் பர்ஸைப் பதம் பார்ப்பது ஹோட்டல் மட்டுமல்ல, பிராட்வே மியூசிகல் டிக்கெட்டும்தான். டைம்ஸ் ஸ்கொயரில் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் டி.கே.டி.எஸ் கவுன்ட்டரில், அன்றைய காட்சிகளுக்குப் பாதி விலை வரை தள்ளுபடி உண்டு. ஆனா, 1997-லிருந்து ஓடும் 'லயன் கிங்'தான் வேணும்னு பிள்ளைங்க அடம்பிடிச்சா, முன்பதிவே சேஃப். எந்த ஷோ கவுன்ட்டருக்கு வரும்னு அன்னிக்குத்தான் தெரியும்.

4 வயசு ஆகாத குழந்தையைப் பெரும்பாலான அரங்குகளில் உள்ளே விடமாட்டாங்க. 'மடியில வெச்சுக்கிறோம்' பேச்சுக்கே இடமில்லை. வாசல்ல போய்த் தெரிஞ்சா, அம்மாவோ அப்பாவோ வெளியே நிற்கணும், டிக்கெட் காசும் போச்சு.

இந்தியாவிலிருந்து போய் இறங்கின முதல் ரெண்டு நாள் வேண்டவே வேண்டாம். ஜெட்லாக்குல பிள்ளைங்க சீட்டிலேயே தூங்கிடும்! திங்கள்கிழமை பல அரங்குகளுக்கு லீவு. நைட் ஷோ முடிய பத்து மணி தாண்டலாம். குட்டீஸோடு போறவங்களுக்கு புதன், சனி மதியக் காட்சிதான் பெஸ்ட்.