லீக் பிறக்கும் முன்பே வந்த ராணி

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள டெல்டா ஸ்டேட் கல்லூரி தன் பெண்கள் கூடைப்பந்து அணியைக் கலைத்தது. பெண்களின் உடம்பு அந்த ஆட்டத்தைத் தாங்காது என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அணியில் ஆடிக்கொண்டிருந்த மார்கரெட் வேடும் தோழிகளும் அழுதார்கள். சீருடைகளைத் தீயில் போட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1973இல் அதே கல்லூரி அணியை மீண்டும் தொடங்கியபோது பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றவர் அதே வேட்தான். அவருக்கு வயது 60.

அந்த ஆண்டு அவர் கைக்கு வந்து சேர்ந்தவர் லூசியா ஹாரிஸ். மின்டர் சிட்டி என்ற சிற்றூரில் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் பத்தாவதாக 1955இல் பிறந்தவர். பருத்தி எடுத்து வளர்ந்த பெண். தூங்கப் போகச் சொல்லி அம்மா அதட்டிய பிறகும் போர்வைக்குள் ஒளிந்து தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்த்தவர். உயரம் ஆறடி மூன்று அங்குலம். வேடின் அணியில் அவர் ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் டெல்டா ஸ்டேட் 109 ஆட்டங்களில் வென்றது. தோற்றது ஆறே ஆறில். 1975இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசிய இறுதிக்கு வந்து, மூன்று முறை தொடர்ந்து பட்டம் வென்றிருந்த இம்மாக்குலாட்டா கல்லூரியை 90-81 என்று வீழ்த்தியது. 1976, 1977 பட்டங்களும் அவர்களுக்கே. ஹாரிஸ் கல்லூரி நாட்களில் எடுத்த புள்ளிகள் மொத்தம் 2,981. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 25.9. கூடைக்கு அடியில் நின்று, மோதித் திரும்பும் பந்தைப் பறித்து, அங்கிருந்தே திரும்பக் கூடைக்குள் போடுவார். பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஆண்களின் ஆட்டத்துக்கு வந்ததைவிட அதிகக் கூட்டம் வந்தது.

1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஹாரிஸ் இடம்பெற்ற அமெரிக்க அணியின் முதல் ஆட்டம் ஜப்பானுக்கு எதிராக. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் போட்ட முதல் கூடை ஹாரிஸின் கையிலிருந்து விழுந்தது. அமெரிக்கா அந்த ஆட்டத்தில் தோற்றது. ஆனாலும் சோவியத் அணிக்கு அடுத்து வெள்ளி வாங்கியது.

சரி, அதன் பிறகு? இந்தக் கேள்விக்கு அன்றைய அமெரிக்காவிடம் பதிலே இல்லை. அதே திறமையுள்ள ஆண் ஒருவருக்கு என்பிஏ என்ற தொழில்முறை லீக் இருந்தது, சம்பளம் இருந்தது, காலணி விளம்பரம் இருந்தது. பெண்களுக்குத் தொழில்முறை லீக் என்ற ஒன்றே அங்கே இல்லை. 1977இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற என்பிஏ அணி வீரர் தேர்வின் ஏழாவது சுற்றில், 137ஆவது பெயராக ஹாரிஸை எடுத்தது. என்பிஏ அணி ஒன்று முறைப்படி தேர்ந்தெடுத்த ஒரே பெண் அவர் என்று இன்றும் பெருமையாக எழுதுகிறார்கள். அவருக்கோ அது விளம்பர வேலை என்றே தோன்றியது. அப்போது அவர் கருவுற்றும் இருந்தார். போகவில்லை, போகாததற்கு வருந்தவுமில்லை. அவர் கணித்தது சரி என்றே படுகிறது. ஆண்களின் அணியில் ஓர் இடம் அவருக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பெண்களோடு ஆடிச் சம்பாதிக்க ஒரு லீக்.

அப்படியொன்று 1978 டிசம்பரில் வந்தது. டபிள்யூபிஎல் என்ற அந்த லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது. 1979-80 பருவத்தில் ஹாரிஸ் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணிக்கு ஆடினார். ஆனால் லீக்கில் பணம் நிற்கவில்லை. சம்பளம் தாமதமானது, காசோலைகள் திரும்பின. 1981இல் மின்னசோட்டா ஃபில்லீஸ் வீராங்கனைகள் சம்பளப் பாக்கிக்காக ஆட்டம் தொடங்கும் முன்பே களத்தைவிட்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டோடு லீக்கும் மூடப்பட்டது.

ஹாரிஸ் பயிற்சியாளரானார், பிறகு மிசிசிப்பியில் பள்ளி ஆசிரியரானார். இருமுனை மனநோயோடு நெடுங்காலம் போராடினார். அதை வெளிப்படையாகப் பேசவும் செய்தார். 1992இல் கூடைப்பந்து புகழ்க் கூடத்தில் இடம்பெற்றபோது, தன்னை மேடையில் அறிமுகப்படுத்தும்படி, சிறுவயதில் தான் கொண்டாடிய என்பிஏ வீரர் ஆஸ்கர் ராபர்ட்சனைக் கேட்டுக்கொண்டார். புகழ்க் கூடத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். இன்றுவரை நிலைத்திருக்கும் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ 1997இல் தொடங்கியபோது அவருக்கு 42 வயது. மகப்பேறு விடுப்பில் முழுச் சம்பளம் என்ற விதியை அந்த லீக்கின் வீராங்கனைகள் 2020 ஒப்பந்தத்தில் பெற்றார்கள். 1977இல் அப்படியொரு லீக்கும் அப்படியொரு விதியும் இருந்திருந்தால் ஹாரிஸ் பந்தைக் கீழே வைத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய ஆட்டத்தின் சிறந்த ஆண்டுகள் சம்பளமில்லாமல் கழிந்தன. அது அவருடைய குறையல்ல, அமெரிக்க விளையாட்டு உலகத்தின் குறை.

2022 ஜனவரியில் ஹாரிஸ் இறந்தார். அவரைப் பற்றி பென் ப்ரவுட்ஃபுட் எடுத்த ‘தி குயின் ஆஃப் பாஸ்கெட்பால்’ என்ற 22 நிமிடக் குறும்படம் அடுத்த மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. படம் முழுக்கப் பேசுபவர் ஹாரிஸ்தான். பெண்கள் கூடைப்பந்தில் ஆர்வமுள்ளவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.